பாப்பாவுக்கு, கணுக்கால் விஷயமா

பாப்பா, நேத்து போன்ல "திரும்பவும் பிசகிடுச்சுப்பா, ரெண்டு நாள்ல சரியாயிடும்"னு சாதாரணமா சொல்லிட்ட, எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரல. காலேஜ்ல வாலிபால் ஆடுறப்ப ஒருதடவை, போன வருஷம் ஆபீஸ் படியில, இப்ப சமமான ரோட்டுலயே மடங்குதுன்னா இது புது சுளுக்கு இல்லம்மா, பழசு இன்னும் சரியாகல.

எனக்கும் நாலு வருஷம் இதே கதைதான். பஸ்ஸுலேருந்து இறங்கும்போது பெரண்டது, எண்ணெய் போட்டு நீவி, கிரேப் பேண்டேஜ் சுத்தி, வீக்கம் வத்துனதும் விட்டுட்டேன். அப்புறம் பிசியோ அம்மாதான் புரிய வச்சாங்க. வெளிப்பக்கம் மூணு லிகமெண்ட், அதாவது எலும்பை எலும்போட கட்டி வைக்கற நாரு, இருக்காம், முன்னாடி இருக்கறதுதான் பெரும்பாலும் முதல்ல அடிபடும், வலி போனாலும் பாதம் எப்படிச் சாயுதுன்னு மூளைக்குச் சொல்ற உணர்வு மழுங்கியே இருக்கும், தசை லேட்டா இழுக்கும், அதுக்குள்ள கால் மடங்கிடும். ஃப்ரீமன்னு இங்கிலாந்து டாக்டர் 1965லயே இதை எழுதியிருக்காராம், ஆடுற பலகை மேல நிக்கவச்சுப் பழக்கறதெல்லாம் அப்பவே உண்டு.

நான் பல் தேய்க்கும்போது ஒத்தக்கால்ல நிக்க ஆரம்பிச்சேன். முதல் நாள் எட்டு எண்றதுக்குள்ள ஜன்னல் கம்பியப் புடிச்சுட்டேன், கால்விரல் தரையக் கவ்வுது, கணுக்காலச் சுத்தி நரம்பெல்லாம் துடிக்குது. முப்பது வரைக்கும் ஆடாம நின்னப்புறம் கண்ணை மூடிட்டு, அப்புறம் மடிச்ச தலகாணி மேல. கூடவே எக்சர்சைஸ் பண்ற நீளமான ரப்பர் பேண்டை கட்டில் கால்ல மாட்டி பாதத்தை வெளிப்பக்கமா இழுக்கணும், இழுக்கறதவிட திரும்ப விடறதுதான் மெதுவா இருக்கணும், அதுல அவசரப்படாத. குதிகால் தூக்கறது தினமும். ஆறு வாரம் விடாம செஞ்சேன், அப்புறம்தான் மேடுபள்ளத்துல பயமில்லாம நடந்தேன்.

விளையாடும்போது பிரேஸ், அதான் கணுக்கால் மடங்காம தாங்கற உறை, போட்டுக்கோ, வேணாங்கல, ஆனா அதைப் போட்டுட்டு எக்சர்சைஸ விட்டுடாத. குதிக்கறது, திடீர்னு திரும்பறதெல்லாம் கடைசியிலதான். முதல்ல ஒரு பிசியோகிட்ட காட்டு, கால ஊனவே முடியலன்னாலோ எலும்பத் தொட்டா வலிச்சாலோ எக்ஸ்ரே எடுத்துடு.

ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல ரெண்டு கால்லயும் மாத்தி மாத்தி நின்னு காமி, பக்கத்துல சுவரு இருக்கட்டும். எந்தக் கால் எத்தனை எண்ணிக்கைன்னு காலண்டர்ல எழுதி வைக்கறேன்.

அப்பா