குடும்பங்களோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர்களை மேற்பார்வையிடும் கடலூர் மாவட்ட அதிகாரிகளுக்கு

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

எத்தனை வீடு ஏறி இறங்கினோம் என்ற கணக்கை வைத்து ஒரு குடும்பம் மாறியதா என்று சொல்ல முடியாது. மீனவர் ஊரான தேவனாம்பட்டினத்தில் பகல் பதினொரு மணிக்குப் போனால் வீட்டில் பாட்டிதான் இருப்பார். அவரிடம் கையெழுத்து வாங்கித் திரும்பலாம், அவ்வளவுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளி வீட்டிலிருப்பார். கையில் காசில்லாமல் சண்டை முற்றுவதும் அப்போதுதான். அந்த இரண்டு மாதமும் மாலை நேரப் பணியை அனுமதியுங்கள். குழுக்கடன் தவணை கட்டும் நாளில் மட்டும் போகவே கூடாது. யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

முதல் நாள் கோப்பைத் திறக்க வேண்டாம். "சண்டை இல்லாம போன வாரம் எது? அப்ப என்ன நடந்துச்சு?" என்று கேட்டாலே வழி கிடைக்கும். "கூலிய நேரா எங்கிட்ட குடுத்தாரு" என்று மனைவி சொன்னால், அதுதான் முதல் படி. இரண்டு வாரத்துக்கு அது ஒன்றே போதும். குடியை விடுவேன், கடனை அடைப்பேன், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவேன் என்று மூன்றையும் ஒரே தாளில் எழுதி வாங்கினால் மூன்றும் நடக்காது.

குடி விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு சட்டென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; மூன்றாம் நாளையொட்டிப் புத்தி தடுமாறலாம். வீட்டார் இதைக் காத்து கருப்பு என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். உயிரே போகக்கூடிய நிலை இது. நேர்த்திக்கடனைத் தடுக்க வேண்டாம், ஆனால் கயிறு கட்டும் முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டவேண்டும். இதைப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் பயிற்சியில் சொல்லிக்கொடுங்கள்.

மனைவிக்கு அடி விழும் வீட்டில் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது தவறு. அங்கே மனைவி பேசியதற்கெல்லாம் இரவில் கணவனுக்குப் பதில் சொல்லவேண்டி வரும். மனைவியைத் தனியாகப் பார்த்து, 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் போய்த் தங்க ஓரிடத்தையும் முடிவு செய்தபிறகே மற்றது.

மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதியாதரவில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கிறது. பெரிய உதவி. வருமானச் சான்று இல்லாமல் மனு கிடப்பில் விழாதிருக்க, தாயோடு தாலுகா அலுவலகம் வரை போகவும் பணியாளருக்கு நேரம் ஒதுக்குங்கள்.

நின்ற குடி திரும்ப ஆரம்பிப்பது சகஜம். அன்றைக்குப் புதிய முகம் வந்தால் பழைய கதையை முதலிலிருந்து சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆகவே ஒரு குடும்பத்துக்கு ஆறு மாதமாவது ஒரே பணியாளர் இருக்கட்டும். இடமாற்றம் தவிர்க்க முடியாதென்றால், பழையவரும் புதியவரும் சேர்ந்து ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்வர உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
கடலூர் வட்டாரச் சமூகப் பணியாளர்கள்