செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்ததும் குறையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். எனக்குள்ள நேரத்தில் நம் காசநோய் வில்லுப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நம் மும்பை தாராவித் தமிழரில் நிறையப் பேர் வில்லுப்பாட்டு வழங்கும் நெல்லைச் சீமைக்காரர்கள். நோட்டீஸ் கொடுத்தால் மடித்து வைத்துக்கொள்கிற நம் ஜனங்கள், உடுக்கைச் சத்தம் கேட்டால் ஏணியில் இறங்கி வந்துவிடுகிறார்கள்.

முதல் நிகழ்ச்சியில் தவறு செய்தோம். கதையில் வரும் தையல்காரர் நோய் முற்றி இறந்துபோவார். கூட்டம் அழுதது, நாங்கள் மகிழ்ந்துபோனோம். மறுநாள் ஒரு அக்கா வந்து, "எங்க வீட்டுக்காரர் மூணு மாசமா மாத்திரை சாப்பிடுதாரு. நேத்து ராத்திரி பூரா தூங்கல" என்றார். அன்றே கதையை மாற்றினோம். இப்போது அந்தத் தையல்காரர் ஆறு மாதமும் மருந்தை முடித்து மிஷினில் உட்காருகிறார்.

தெருவில் கேட்கிற கேள்விகளைப் பின்பாட்டுக்காரர் வாயில் வைத்தோம். "ஒண்ணுக்கு செவப்பா போகுதே, ரத்தமா?" ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம் அது, பயம் வேண்டாம் என்பார் கதை சொல்லிப் பாடும் புலவர். "ரெண்டு மாசத்துல உடம்பு தேறிட்டே, இன்னும் எதுக்கு?" பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். "தட்டு டம்ளரைப் பிரிச்சு வைக்கணுமா?" வேண்டாம், இருமும்போது காற்றில்தான் பரவுகிறது. இந்தக் கடைசிப் பதிலைக் கேட்டு, தனித் தட்டில் சாப்பிட்டுவந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

"ஜன்னலைத் திறந்து வையுங்க" என்று பாடியபோது, "எந்த ஜன்னலய்யா?" என்றார் ஒரு பாட்டி. சுவரோடு சுவர் ஒட்டிய நம் சந்துகளில் அதற்குப் பதில் ஏது? அந்த வரியை எடுத்துவிட்டோம். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் உடனே சளிப் பரிசோதனை, சரியான மருந்தைத் தொடங்கினால் பிறருக்குத் தொற்றுவது சீக்கிரம் குறையும் என்பதையே திரும்பத் திரும்பப் பாடுகிறோம். காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் திட்டத்தில் சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் போடும் மாதத் தொகை, 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. பாட்டிலும் 'ஐநூறு' இருந்த இடத்தில் 'ஆயிரம்' வந்தது.

மார்ச் 24, உலக காசநோய் நாளன்று மீண்டும் பாடினோம். கூட வந்து நின்ற சுகாதாரப் பணியாளர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

உடுக்கை அடிக்கும் அண்ணாச்சிக்கு வயதாகிறது. ஞாயிறு மாலைகளில் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். பெண்பிள்ளைகளையும் சேர்த்து அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்