அழுத்தத்தைக் கூட்டும் முன்: கட்டிங் மெஷின் வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வீட்டில் காகிதம் வெட்டும் மெஷின் வைத்திருப்பவர்கள் எங்களிடம் அடிக்கடி சொல்லும் குறை, நேர்க்கோடுகள் சுத்தமாக விழுந்தாலும் எழுத்துகளின் மூலைகளும் பூவிதழ்களின் நுனிகளும் பிய்ந்து பிசிறடிக்கின்றன என்பதுதான். அப்போது பலரும் முதலில் அழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள். அதைக் கடைசியாகச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

இம்மெஷின்களின் வழக்கமான பிளேடு, காகிதத்தின் மேல் இழுபட்டுச் செல்லும் ஒரு சிறு கத்தி. அதன் முனை தண்டின் மையத்திலிருந்து சற்றே விலகியிருப்பதால், வெட்டும் திசை மாறும்போதெல்லாம் அது தானே சுழன்று புதிய திசைக்குத் திரும்புகிறது. உறைக்குள் காகிதத் துகள் சிறிது அடைத்துக்கொண்டாலும் இந்தச் சுழற்சி தடைப்படும். நேர்க்கோட்டில் தெரியாத அந்தத் தடை மூலையில் தெரிந்துவிடும். ஆகவே மெஷினை அணைத்து, பிளேடை உறையிலிருந்து எடுத்து, உள்ளே திரண்டிருக்கும் பஞ்சு போன்ற துகளை ஊதியோ மென்மையான தூரிகையாலோ அகற்றுங்கள். அலுமினியத் தாளை உருண்டையாகக் கசக்கி, அதில் பிளேடின் முனையைச் சில முறை குத்தி எடுத்தால் ஒட்டியிருக்கும் பசை போகும். மழுங்கிய முனை இதனால் கூர்மையாகிவிடாது, அதை மாற்றத்தான் வேண்டும் (பிளேடு விற்பவர்களே இதைச் சொல்கிறார்களே என்று எண்ண வேண்டாம்). ஸ்டிக்கர் வெட்டும் பிளேடைக் காகிதத்துக்குப் பயன்படுத்தாமல் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது மேட், அதாவது வெட்டும்போது காகிதத்தை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் பசைத் தளம். பிடிப்புக் குறைந்த மேட்டில் காகிதம் நூலளவு நகர்ந்தாலும் சிறு வடிவங்கள் கெட்டுவிடும். மெல்லிய காகிதத்துக்கோ புது மேட்டின் பிடிப்பு அதிகம், துணியை அதன் மேல் ஓரிரு முறை ஒற்றியெடுத்தால் தணியும். வெட்டி முடித்ததும் காகிதத்தை உரிக்காமல், மேட்டைக் கவிழ்த்து வைத்து மேட்டையே வளைத்து உரித்தால், காகிதம் சுருளாமல் வந்துவிடும்.

காகிதத்தின் எடை மட்டுமே எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஒரே 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்) என்று குறிக்கப்பட்ட இரண்டு அட்டைகளில், இழைகள் நெருக்கமாக அமைந்தது சுத்தமாக வெட்டுப்படும். தளர்வாக அமைந்ததும் ஈரம் ஏறியதும் மெஷினில் எந்த அமைப்பை (செட்டிங்) வைத்தாலும் பிசிறடிக்கும். அட்டைகளை ஈரம் படாமல் மூடி வையுங்கள்.

இவற்றுக்குப் பிறகே அமைப்புகளைத் தொடுங்கள். பிளேடு அட்டையின் தடிமனைவிடச் சற்றே வெளியே நீண்டால் போதும். மேட்டில் மெல்லிய கீறல் மட்டும் தெரிந்தால் ஆழம் சரி, பள்ளம் விழுந்தால் பிளேடு மேட்டிலேயே இழுபடுகிறது. நுணுக்கமான வடிவங்களுக்கு வேகத்தைக் குறையுங்கள். தடித்த அட்டையை ஒரே முறை அழுத்தி வெட்டுவதைவிட, மிதமான அழுத்தத்தில் இரு முறை வெட்டுவது நல்லது. ஓரத்தில் சிறு சதுரம் ஒன்றை வெட்டிச் சோதியுங்கள்; ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் அமைப்பை மட்டுமே மாற்றினால்தான் குறை எங்கிருந்து வந்தது என்பது தெரியும். படத்திலிருந்து தானியங்கியாக எடுத்த வடிவமானால், கோட்டில் புள்ளிகள் தேவைக்கு மேல் நெருங்கியிருக்கக்கூடும். மென்பொருளில் அவற்றைக் குறைத்தால் மெஷின் தயங்கித் தயங்கி வெட்டுவது நிற்கும்.

அப்போதும் பிசிறு நீடித்தால், வெட்டிய காகிதத்தை மேட்டிலிருந்து எடுக்காமல் மூலையை நெருக்கமாகப் படமெடுத்து, அட்டையின் ஜிஎஸ்எம், பிளேடின் ஆழம், அழுத்தம், வேகம் ஆகியவற்றையும் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு