பூட்டிக் கிடந்த அறையைத் திறந்துவிட்டவர்களுக்கு

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும், பெற்றோருக்கும், ஆசிரியர்களுக்கும், இந்த இரண்டு வருடமாக எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளிக்காக அலைந்த எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் புதிய பள்ளி மேலாண்மைக் குழுவைத் தேர்ந்தெடுத்தாயிற்று. 2022-ல் நீங்கள் என்னிடம் கொடுத்த தலைவர் பொறுப்பை இறக்கி வைத்துவிட்டேன். இந்த 2024 செப்டம்பரில் சும்மா உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், யார் யாருக்கு நன்றி சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்று ஒவ்வொரு முகமாக வருகிறது. கூட்டத்தில் எழுந்து பேசினால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் சத்துணவு அமைப்பாளர் அக்காவுக்கு. காரணம் சொல்ல இருபது வருடம் பின்னால் போக வேண்டும்.

2004 ஜூலை 16. நான் அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் பற்றிக்கொண்டது என்று எங்கள் ஊருக்கு மதியத்துக்குள் செய்தி வந்துவிட்டது. சமையல் நடந்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டது. அன்று ராத்திரி எங்கள் தெருவில் யார் வீட்டிலும் உலை வைக்கவில்லை. அந்தப் பெற்றோர் இன்றும் ஒவ்வொரு ஜூலை 16-க்கும் பிள்ளைகளின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி நிற்கிறார்கள். அந்தத் தீயைத் தொட்டு நடந்த வழக்கில்தான், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமைக்குள் அடக்கம் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாப் பள்ளியிலும் தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டது.

எங்கள் பள்ளியிலும் கருவி இருந்தது. அலுவலக அறைச் சுவரில், பீரோவுக்குப் பின்னால் தொங்கியது. குழுவின் முதல் கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் சுற்றுச்சுவர், வகுப்பறை என்று பெரிது பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா எழுந்து, "அடுப்புப் பக்கத்துல நாள் முழுக்க நிக்கிறவ நான். அந்தச் சிவப்பு சிலிண்டர்ல முள்ளு கீழ விழுந்து கிடக்கு. யாராச்சும் பார்த்தீங்களா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தோம். கெடு முடிந்து பல வருடம் ஆகியிருந்தது.

எங்கள் பள்ளியில் 230 பிள்ளைகள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா), 101 முதல் 250 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு வருடத்துக்கு 50,000 ரூபாய் மானியம். சாக்பீஸ், பதிவேடு, பழுது, துப்புரவு எல்லாம் அதற்குள்தான். அதில் முதல் செலவாகக் கருவியை நிரப்பி, சமையல் கூட வாசலுக்கு மாற்றினோம். கருவி நிரம்பியதோடு விடாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க நேரில் வந்த தீயணைப்பு நிலைய வீரர்களுக்கு நன்றி. எரிகிற கேஸ் சிலிண்டர் வாயில் ஈரச் சாக்கைப் போட்டு மூடுவது எப்படி என்று காட்டினார்கள். "யார் வர்றீங்க?" என்று கேட்டதும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தாவணி போட்ட அக்காக்களை எல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். சாக்கை முகத்துக்கு நேராகக் கேடயம் மாதிரி பிடித்து, குனிந்து போய், ஒரே அமுக்கு. தீ அடங்கியதும் அவள் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பழைய ஓட்டுக் கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கச் சொன்னார்கள். எங்கள் கட்டடமும் பட்டியலில் இருந்தது. ஆனால் கோப்பு ஓர் அலுவலகத்தில் பதினோரு மாதம் நகரவில்லை. மழைக்காலம் ஒன்று வந்து போனது. அந்தச் சுவரை ஒட்டித்தான் பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கப் போவார்கள். கடைசியில் புதிதாக மாற்றலாகி வந்த இளநிலைப் பொறியாளர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்த வண்டியில் வந்து, சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை அனுப்பிடறேன்மா" என்றார். அனுப்பினார். அவருக்கு நன்றி. இடிக்கிற வரை சவுக்குக் கம்பு நட்டு அந்தப் பக்கம் யாரும் போகாமல் அடைத்துக் கொடுத்த அப்பாக்களுக்கும், குழாயடி மேல் தொங்கிய மின்கம்பியைக் கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்த ஒயர்மேன் தம்பிக்கும், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியில் சுற்றுச்சுவர் வருவதற்காக மனுவோடு நடையாய் நடந்த முன்னாள் மாணவர்களுக்கும் நன்றி.

இனி எழுதப் போவதுதான் என் மனதுக்கு மிக நெருக்கமானது.

பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடுகிற "மாணவர் மனசு" பெட்டி எல்லா அரசுப் பள்ளிக்கும் வந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் பெட்டியை முதலில் தலைமை ஆசிரியர் அறை வாசலில் மாட்டியிருந்தோம். ஒரு மாதம் ஒரு சீட்டுகூட விழவில்லை. கணித டீச்சர்தான், "அங்க போய் யாருங்க போடுவா, எல்லாரும் பார்ப்பாங்களே" என்று சொல்லி, நூலக அலமாரி ஓரத்துக்கு மாற்றச் சொன்னார். அந்த வாரமே நான்கு சீட்டு விழுந்தது.

முதல் சீட்டில் இருந்ததை அப்படியே சொல்கிறேன், இதில் யாருக்கும் சங்கடமில்லை: "பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். யாரும் கூட வரவில்லை என்றால் வீட்டுக்குப் போகும்வரை போகவே மாட்டோம்." நானும் ஒரு பெண். மாதா மாதம் அந்தப் பள்ளிக்குப் போனவள். லட்சக்கணக்கில் சுவருக்கு மனு எழுதியவள். இருநூறு ரூபாய் தாழ்ப்பாள் என் கண்ணில் படவில்லை. அன்று சாயங்காலமே கடைத்தெருவில் தாழ்ப்பாள் வாங்கி வந்து, மூன்று கதவுக்கும் மாட்டிக் கொடுத்த தச்சர் அண்ணனுக்கு நன்றி. அந்தச் சீட்டை எழுதிய பெண்ணே, நீ யாரென்று எனக்குத் தெரியாது. உனக்கும் நன்றி.

அப்புறம் வேறு ஒரு சீட்டு வந்தது. எட்டாக மடித்து, நூல் சுற்றி. அதில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவும் இல்லை. மாணவர் பாதுகாப்புக் குழுவில் இருந்த இரண்டு ஆசிரியர்கள் படித்தார்கள், அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினார்கள். விஷயம் வெளியே போகவில்லை. அந்தப் பிள்ளை இன்றும் படித்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவுதான் நான் சொல்லலாம். அந்த இரண்டு ஆசிரியர்களும் வாயைத் திறக்காமல் இருந்தார்களே, அதற்காகவே அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். எங்கள் ஊரில் ஒரு சேதி டீக்கடைக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான், உடைந்த பெஞ்சு போட்டுப் பூட்டி வைத்திருந்த சின்ன அறையைத் திறந்தோம். ஒட்டடை அடித்து, சுண்ணாம்பு பூசி, ஜன்னலுக்குப் பழைய சேலையில் திரை தைத்துக் கொடுத்த மகளிர் குழுப் பெண்களுக்கு நன்றி. மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை பார்க்கும் ஆலோசகர் மேடம் ஒருவர் மாதம் ஒரு நாள் வர ஒப்புக்கொண்டார். இரண்டு பஸ் மாறி வருவார். முதல் நாள் நாங்கள் மேஜையும் எதிரெதிரே இரண்டு நாற்காலியும் போட்டு வைத்திருந்தோம். அவர் மேஜையை வெளியே எடுக்கச் சொன்னார். நாற்காலிகளை ஜன்னலைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் போட்டார். "முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, வேப்பமரத்தைப் பார்த்துச் சொல்லிருவாங்க" என்றார். அப்படித்தான் நடந்தது. ஆரம்பத்தில், "அங்க போறவங்களுக்குப் பைத்தியம்" என்று பையன்கள் கேலி பேசினார்கள். மேடம் எல்லா வகுப்புக்கும் போய், பரீட்சைப் பயம், தூக்கம் வராதது, வீட்டில் அப்பா குடிப்பது என்று சாதாரணமாகப் பேசினார். மூன்றாம் மாதம் கேலி பேசிய பையனே வரிசையில் நின்றான்.

மேடம் வராத நாட்களுக்காக மூன்று எண்களைப் பெரிதாகச் சுவரில் எழுதிக் கொடுத்தார் ஓவிய ஆசிரியர். பள்ளி சம்பந்தமானதற்கு 14417, குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098, மனசு சரியில்லை என்றால் 14416. கழிப்பறைக்குப் போகும் வழியில் எழுதச் சொன்னது பத்தாம் வகுப்புப் பெண்கள். அங்கேதான் நின்று நிதானமாக மனப்பாடம் பண்ண முடியுமாம்.

நன்றி மடலில் குறை எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன். சுவருக்கு ஒருமுறை பணம் வந்தால் போதும், நிற்கும். பிள்ளை பேசுவதைக் கேட்க ஓர் ஆள் வேண்டுமென்றால் மாதா மாதம் சம்பளம் வேண்டும். அந்தப் பணம்தான் எப்போதும் கடைசியாக வருகிறது. 2013-ல் நடமாடும் உளவியல் ஆலோசனை மையம் என்று வண்டிகள் விட்டார்கள். நல்ல யோசனை. ஆனால் மாநிலம் முழுவதற்கும் 10 வண்டிதான். மேடம் மாதத்தில் ஒரு நாள் வருகிறார். மீதி நாட்களில் ஒரு பிள்ளைக்கு மனசு உடைந்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்க முடியுமா? பள்ளிக்கு ஒருவர் முடியாவிட்டாலும், நாலைந்து பள்ளிக்கு ஒரு நிரந்தர ஆலோசகர் வேண்டும். புதிய குழு இதைத் தீர்மானமாகப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த 2024-ல் நிலைமை இன்னும் கஷ்டம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 60 பங்கு ஒன்றிய அரசும் 40 பங்கு மாநில அரசும் தர வேண்டும். பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்திடவில்லை என்பதைக் காரணம் காட்டி, முதல் தவணையான 573 கோடி ரூபாய் இன்னும் வரவில்லை என்று முதலமைச்சர் ஸ்டாலினே ஆகஸ்டில் பிரதமருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டு அரசுக்கும் நடுவில் உள்ள வழக்கு என்னவாக இருந்தாலும், காத்திருப்பது பிள்ளைகளும் அந்தத் திட்டத்தில் சம்பளம் வாங்குபவர்களும்தான். பெண் பிள்ளைகளுக்கு வருடத்தில் மூன்று மாதம் தற்காப்புக் கலை சொல்லிக் கொடுக்கிற கராத்தே மாஸ்டருக்கு மாதம் 5,000 ரூபாய். பாக்கி இருந்தபோதும் அவர் ஒரு வகுப்பையும் விடவில்லை. அவருக்கும், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக வருகிற சிறப்புப் பயிற்றுநருக்கும் நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

தலைமை ஆசிரியர் அம்மாவுக்கு என்ன சொல்வது? எட்டாம் வகுப்போடு நின்றவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள் என்று பார்க்காமல் எங்களை நாற்காலியில் உட்கார வைத்து, வரவு செலவுப் புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தீர்களே டீச்சர், அதை நான் மறக்க மாட்டேன்.

புதிய தலைவர் தங்கைக்கு இரண்டு விஷயம். தீயணைப்புக் கருவியைத் திரும்ப நிரப்ப வேண்டிய தேதியை அதன் கழுத்தில் அட்டை கட்டி எழுதியிருக்கிறேன். ஆலோசகர் மேடம் வருவது இரண்டாவது செவ்வாய். அன்றைக்கு அந்த அறையில் புத்தகக் கட்டு, சைக்கிள் சாமான் எதையும் இறக்க விடாதே. மின்விசிறி மட்டும் இன்னும் மாட்டவில்லை. கொக்கி போட்டாயிற்று, விசிறி என் வீட்டில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வருகிறேன்.