கேட்காமல் வெட்டப்படும் சந்தாப் பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சஞ்சிகைச் சந்தாவைத் தானாகவே புதுப்பித்து, வங்கிக் கணக்கிலிருந்து காசை வெட்டிக்கொள்ளும் வழக்கம் பற்றி எழுதுகிறேன். இது கொழும்பில் இருப்பவர்களின் தலைவலி என்று யாரும் நினைக்க வேண்டாம். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலும் இன்று பிள்ளைகளிடம் ஸ்மார்ட்போனும் பெற்றோரிடம் டெபிட் கார்டும் இருக்கின்றன.

என் தங்கை தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் வேலை செய்கிறாள். சாதாரண தரத்துக்குப் படிக்கும் மகளுக்கு ஆங்கிலம் பழகட்டும் என்று, அமெரிக்க அறிவியல் சஞ்சிகை ஒன்றின் இணையப் பதிப்பில் ஒரு டொலர் கட்டிச் சேர்த்தாள். சஞ்சிகை நல்ல சஞ்சிகைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு டொலர் முதல் மாதத்துக்கு மட்டும். மாதம் முடிந்த கையோடு முழு வருடச் சந்தாவாக 45 டொலர் போய்விட்டது. நம் காசில் 13,500 ரூபா அளவில் வரும். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல்தான் 1350 ரூபாவானது. அந்தக் கணக்கில் பத்து நாள் கொழுந்து.

சேர்வதற்கு ஒரு பட்டனைத் தட்டினால் போதும். விலக வேண்டுமானால் அவர்களுடைய அலுவலக நேரத்தில் தொலைபேசியில் பேச வேண்டுமாம். அந்த நேரம் நமக்கு இராத்திரி. தங்கைக்காக நான்தான் எடுத்தேன். "சற்றுப் பொறுங்கள்" என்று போட்ட பாட்டு முடிவதற்குள் ரீலோட் முடிந்துவிட்டது. வங்கியில் கேட்டால், "நீங்கள்தானே அனுமதி கொடுத்தீர்கள்?" என்கிறார்கள். கார்டை மாற்றினாலும் தொல்லை தீருமென்று சொல்ல முடியாது. புதிய கார்ட் எண்ணை விற்பவருக்குத் தெரிவிக்கும் சேவையை விசா, மாஸ்டர்கார்ட் நிறுவனங்களே வைத்திருக்கின்றன.

தபாலில் சஞ்சிகை எடுத்த காலத்தில் சந்தா முடிந்தால் கடிதம் வரும். விருப்பமிருந்தால் மணியோடர் அனுப்புவோம், இல்லாவிட்டால் புத்தகம் நின்றுவிடும். இப்போதோ மௌனம் சம்மதம் என்பதையே வியாபாரமாக்கிவிட்டார்கள்.

மற்ற நாடுகள் இதற்கு வழி தேடியிருக்கின்றன. ஜேர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் சந்தா விற்பவர் அங்கேயே விலகும் பட்டனையும் வைத்தாக வேண்டும். அமெரிக்காவிலும் இப்படி ஒரு விதி 2024 இல் வந்தது, அடுத்த வருடமே நீதிமன்றம் அதை இரத்துச் செய்துவிட்டது. ஆகவே அந்தப் பக்கமிருந்து நமக்கு விடிவு வருமென்று காத்திருப்பதில் பயனில்லை. நமக்குப் பொருந்துவது இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஒக்டோபர் முதல் நடைமுறைப்படுத்திய முறை என்பேன். கார்டிலிருந்து தவணையாகக் காசு எடுப்பதற்கு 24 மணித்தியாலம் முன்னதாகவே வாடிக்கையாளருக்கு அறிவித்தல் போக வேண்டும். வேண்டாமென்றால் அவர் நிறுத்திவிடலாம்.

நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்து, கடையில் கூடுதல் விலைக்கு விற்றால் முறையிடலாம். அமெரிக்காவில் இருக்கும் வியாபாரியைப் பிடிக்க அவர்களால் முடியுமா? நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பது நம்முடைய வங்கி மட்டுமே. காசை வெட்டிய பிறகு எஸ்எம்எஸ் அனுப்பத் தெரிந்த வங்கிக்கு, முதல் நாளே அனுப்புவது பெரிய வேலையல்ல. அதையும் தமிழில் அனுப்ப வேண்டும். தங்கைக்கு வந்த எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில் இருந்தது. மகள் பாடசாலை விட்டு வந்து வாசித்துச் சொன்ன பிறகே காசு போன விடயம் வீட்டுக்குத் தெரிந்தது.

இந்த ஒழுங்கை மத்திய வங்கி எல்லா வங்கிகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும். மலையக நாடாளுமன்ற உறுப்பினர்கள் யாராவது இதைச் சபையில் எழுப்பினால் நல்லது. உங்கள் பத்திரிகையும் இணையச் சந்தா தொடங்கும் எண்ணத்தில் இருந்தால், விலகும் பட்டனை முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தலவாக்கலை