பெரிய படிவம் பாதியில் விழுவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ஏர்வாடி என்று எங்கள் கடலோர ஊர்களின் கணினி மையங்களில் அடிக்கடி நடப்பது இது. மீனவர் சங்க உறுப்பினர் 300 பேரின் விவரத்தை ஒரே பக்கத்தில் தட்டி, படகுப் படமும் பாஸ்புக் நகலும் சேர்த்து, ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தினால் வெறும் வெள்ளைப் பக்கம் வருகிறது. இல்லாவிட்டால் ‘பதிவானது’ என்று வந்த பிறகு பாதிப் பேரைக் காணோம். ‘நெட் ஸ்லோ’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பல நேரம் நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சர்வரில் இருக்கும் வரம்புகளை யாரும் தொடாமல் ஆரம்ப அளவிலேயே விட்டுவைத்திருப்பதுதான் காரணம்.

இவற்றில் மோசமானது சத்தமில்லாமல் விழும் வரம்பு. பிஎச்பி என்ற சர்வர் நிரல்மொழியில் எழுதிய படிவங்களில் ‘மேக்ஸ் இன்புட் வார்ஸ்’ என்ற அமைப்பு, ஒரு தடவையில் எத்தனை கட்டங்களை ஏற்கலாம் என்று சொல்கிறது. ஆரம்ப அளவு 1,000. ஓர் உறுப்பினருக்குப் பெயர், ஆதார், வங்கிக் கணக்கு என்று 8 கட்டம் என்றால் 300 பேருக்கு 2,400. மேலே சங்கப் பெயர், பதிவு எண் போன்றவை 5. முதல் 124 பேர் முழுதாகப் போய்ச் சேர்வார்கள்; 125-வது ஆளுக்கு மூன்று கட்டம் மட்டும் சேரும்; 126-லிருந்து ஒருவரும் இருக்க மாட்டார். திரையில் பிழை எதுவும் தெரியாது; சர்வரின் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை வரி விழுந்தால் உண்டு. அதைத் திறந்து பார்ப்பவர் யார்? நிவாரணப் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று ஒரு குடும்பம் வந்து நிற்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

இந்த எண்ணை நிரலுக்குள் எழுதி மாற்ற முடியாது. நிரல் ஓடத் தொடங்கும் முன்பே தரவு பிரிக்கப்பட்டுவிடுகிறது. பிஎச்பி அமைப்புக் கோப்பில்தான் மாற்ற வேண்டும். 1,000-ஐ 5,000 ஆக்குவதைவிட நல்ல வழி, அட்டவணை முழுவதையும் ஜேசான் என்ற தரவு வடிவில் ஒரே எழுத்துச் சரமாக்கி அனுப்புவது. அதிலும் 50 பேர் 50 பேராக அனுப்பினால், எந்தத் தொகுதி நின்றதோ அதை மட்டும் திரும்ப அனுப்பிக்கொள்ளலாம்.

அடுத்தது எடை, அதாவது அனுப்பும் தரவின் அளவு. பிஎச்பிக்கு முன்னால் நின்று தரவை வாங்கும் என்ஜின்எக்ஸ் சர்வர் ஆரம்பத்தில் 1 எம்பிக்கு மேல் வாங்காது. 413 என்ற பிழையைத் திருப்பி அனுப்பும். பிரவுசர்கள் அதைச் சரியாகக் காட்டுவதில்லை, இணைப்பு அறுந்துபோனதாகவே சொல்கின்றன. பழி நெட் மேல் விழுவது இதனால்தான். அதைத் தாண்டினால் பிஎச்பியில் ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்தத்துக்கு 8 எம்பி. கோப்பு 2 எம்பியைத் தாண்டினால் அந்தக் கோப்பு மட்டும் சேராது. மொத்தம் 8 எம்பியைத் தாண்டினால் தட்டிய எழுத்துகளும் சேர்ந்தே காணாமல் போகும். நிரலுக்குக் காலிப் படிவம்தான் கிடைக்கும். ‘பெயர் கட்டாயம்’ என்று சிவப்பில் வருவதைப் பார்த்துவிட்டு, பெயரைப் போட்டவர் குழம்பி நிற்பார். வந்த தரவின் நீளம் பூஜ்யமில்லை, ஆனால் படிவம் காலி என்றால் ‘கோப்பு பெரிது’ என்று தமிழில் சொல்ல நான்கு வரி நிரல் போதும். வரம்பை உயர்த்தும்போது எல்லா அடுக்கிலும் சேர்த்து உயர்த்த வேண்டும். என்ஜின்எக்ஸை விட்டுவிட்டு பிஎச்பியை மட்டும் உயர்த்திப் பயனில்லை. எல்லையே இல்லாமல் திறந்துவிடுவதும் ஆபத்து, யாரும் வந்து சர்வரை நிரப்பிவிடலாம்.

தமிழில் தட்டுவோருக்குக் கூடுதல் சுமை ஒன்று உண்டு. சாதாரணப் படிவம் அனுப்பும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரியும். ‘ராமநாதபுரம்’ என்பதில் கால், உகரக் குறி, புள்ளி எல்லாம் எண்ணினால் 11 குறிகள். அனுப்பும்போது அது 99 எழுத்து. ஆங்கிலத்தில் அடித்தால் 14-தான். படிவத்தை முகவரிப் பட்டை வழியாக, அதாவது கெட் முறையில் அனுப்பினால் அப்பாச்சி சர்வர் அந்த வரிக்குத் தரும் இடம் 8,190 பைட். அதில் 900 சொச்சம் தமிழ்க் குறிகள்தான் அடங்கும். தாண்டினால் 414 பிழை. ஆதார் எண் முகவரிப் பட்டையில் போவதும், பிரவுசர் வரலாற்றில் தங்குவதும் வேறு. ஆகவே தரவை முகவரியில் காட்டாமல் உள்ளே வைத்து அனுப்பும் போஸ்ட் முறைதான் சரி. அதிலும் நீளமான தமிழுக்கு, தரவைப் பகுதி பகுதியாகப் பிரித்து அனுப்பும் மல்டிபார்ட் அல்லது ஜேசான். அவற்றில் ‘ராமநாதபுரம்’ என்பதன் 33 பைட் 33 பைட்டாகவே போகும்.

படங்களைச் சிலர் பேஸ்64 எழுத்தாக மாற்றிக் கட்டத்துக்குள் திணிக்கிறார்கள். 3 எம்பி படம் 4 எம்பி ஆகிவிடும். அதற்குப் பதில் கைபேசியிலேயே நீளப் பக்கத்தை 1,600 பிக்சலாகக் குறைத்தால் பெரும்பாலான படங்கள் சில நூறு கேபிக்குள் அடங்கும், பாஸ்புக் எண்ணும் தெளிவாகவே இருக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிரவுசரின் வரைபலகையான கேன்வாஸில் சுருக்கினால் படத்துக்குள் இருக்கும் இடக்குறிப்பு அழிந்துவிடும். படகு எங்கே நிற்கிறது, எந்த வயல் பாதித்தது என்பதற்கு அது தேவையென்றால், சுருக்கும் முன்பே படித்துத் தனிக் கட்டத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நெட்டே காரணமாகும் இடமும் இருக்கிறது. ஏற்றும் வேகம் 1 எம்பிபிஎஸ் என்றால் 5 எம்பி கோப்புக்குக் குறைந்தது 40 வினாடி. நடுவில் சிக்னல் போனால் சாதாரணப் படிவம் முதலிலிருந்து தொடங்கும். கோப்பை 256 கேபி துண்டுகளாக வெட்டி வரிசை எண்ணோடு அனுப்பி, எதுவரை வந்தது என்று சர்வரைக் கேட்டு அங்கிருந்து தொடர்வதுதான் எங்கள் கரைக்கு ஒத்துவரும். இரண்டு முறை அழுத்தினால் இரண்டு விண்ணப்பம் பதிவாவதைத் தடுக்க, பக்கம் திறந்ததும் ஒரு தனி எண் உருவாக்கி உடன் அனுப்ப வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய ஒப்புகையையே தர வேண்டும்.

மையம் நடத்துவோர் பட்டியலை எக்செல்லில் சேமித்துவிட்டுப் படிவத்தில் ஏற்றுங்கள். பிழை எண் வந்தால் திரையைப் படம் எடுத்துப் படிவம் செய்தவருக்கு அனுப்புங்கள். தரவு பெரிது என்னும் 413-க்கும், சர்வர் நேரத்துக்குள் பதில் தரவில்லை என்னும் 504-க்கும் மருந்து வேறு.

படிவம் செய்யச் சொல்லும் அலுவலகங்களிடம் கேட்பது: ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி சேருங்கள். ஒப்புகைச் சீட்டில் ‘அனுப்பியது 300, பதிவானது 300’ என்று இரண்டு எண்ணும் அச்சாக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சீட்டே வரக் கூடாது. ஏற்றுக்கொள்ளும் முன் தமிழில் நிரப்பிய 300 பேர் பட்டியலையும் பத்துப் படங்களையும், அலுவலக வைஃபையில் அல்ல, மண்டபத்திலோ தொண்டியிலோ ஒரு கைபேசியில் வைத்து அனுப்பிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
இணையப் படிவ நிரலாளர்கள், கணினி மையத்தார்,
ராமநாதபுரம் கடலோரம்.