வாயு தாக்கல சார், ஆளத்தான் உள்ள அனுப்புனாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர பல வருஷமா படிக்கிறேன், குழிக்குள்ள எறங்கி ஆளு செத்தா நீங்க போடற தலைப்பு மட்டும் மாறவே இல்ல. "விஷவாயு தாக்கி தொழிலாளி பலி", கீழ சின்னதா "காப்பாற்ற இறங்கியவரும் பலி". வாயு என்ன அருவாளோட மறைஞ்சு நின்னா தாக்குச்சு? அது பாட்டுக்கு அங்கதான் கெடந்துச்சு, எத வச்சு செக் பண்ணி ஆள உள்ள விட்டாங்கன்னு ஒரு வரி கூட வர மாட்டேங்குது.

நான் டெலிபோன் கேபிள் ஜாயின்டரா, அதாவது குழிக்குள்ள எறங்கி கேபிள இணைக்கிற ஆளா, இருந்து ரிட்டயர் ஆனவன். கேஸ்னா சாக்கடை வேலைக்குத்தான்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, கேபிள் குழியிலயும் உண்டு, பக்கத்துல போற பாதாள சாக்கடை கசிஞ்சா கேபிள் போற குழாய் (டக்ட்) வழியா நேரா எங்க குழிக்குத்தான் வந்து சேரும், மழைத்தண்ணி தேங்கி எலை தழை அழுகினா ஆக்சிஜனும் கொறஞ்சிடும். வெளிக்காத்துல 20.9 சதவீதம் இருக்கு, 19.5க்கு கீழ போயிட்டாலே எறங்கக் கூடாது.

90கள்ல ஒரு மழைக்காலம். பம்ப் போட்டு தண்ணிய எறைச்சிட்டுப் பாத்தா அழுகுன முட்ட நாத்தம். எங்க மஸ்தூர், அதாவது உதவிக்கு இருந்த தொழிலாளி ஒருத்தர் துண்டால மூக்கக் கட்டிக்கிட்டு ஏணியில நாலு படி எறங்குனாரு, கொஞ்ச நேரத்துல மேல பாத்து "நாத்தம் போயிருச்சுண்ணே"ன்னாரு. அப்பாடான்னு நானும் பைய எடுக்கக் குனியிறேன், அவரு கை ஏணிக் கம்பிலேர்ந்து வழுக்குது, கண்ணு எங்கயோ பாக்குது. குப்புறப் படுத்து சட்டக் காலரப் பிடிச்சேன், ரெண்டு பேரு என் காலப் பிடிச்சு இழுத்தாங்க. பிளாட்பாரத்துல போட்டதும் வாந்தி எடுத்தாரு, பொழச்சுக்கிட்டாரு. இன்னும் ரெண்டு படி எறங்கியிருந்தா என் கைக்கு எட்டியிருக்க மாட்டாரு. நானும் பின்னாலயே குதிச்சிருப்பேன், அதுல சந்தேகமே இல்ல.

நாத்தம் எங்கயும் போகல சார், மூக்குதான் மரத்துப் போச்சு. அந்த முட்ட நாத்தம் ஹைட்ரஜன் சல்பைடுங்கற விஷவாயு, கொஞ்சமா இருந்தாத்தான் நாறும், 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துல நூறு பங்கு) தாண்டுனா வாசன தெரியாது, 500, 700னு போனா சில நிமிஷத்துல ஆளு சுருண்டுருவான், 1000 பக்கம்னா ஒண்ணு ரெண்டு மூச்சுதான். எங்க துறையில இத யாரும் சொல்லித் தரல. விளக்கக் கயித்துல கட்டி எறக்கு, அணையலைன்னா எறங்குன்னுதான் சொன்னாங்க, உள்ள மீத்தேன் 5லேர்ந்து 15 சதவீதம் இருந்தா அந்த விளக்கே வெடிக்குத் திரி. பம்ப் வேற குழி வாய்க்குப் பக்கத்துலயே ஓடும், அந்தப் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

இப்ப ஆக்சிஜன், மீத்தேன், இந்த ரெண்டு விஷம் எல்லாத்தையும் சேத்துப் பாக்குற மீட்டர் கையடக்கமா வந்துருச்சு. ஆனா போன மாசம் எங்க தெருவுல ஒரு சூப்பர்வைசர் அத குழி வாயில காட்டிட்டு "ஓகே"ன்னாரு பாருங்க, எனக்கு வயிறு எரிஞ்சுது. மீத்தேன் லேசு, மேல நிக்கும், ஹைட்ரஜன் சல்பைடு காத்த விட கனம், அடியில படுத்திருக்கும், ட்யூப் விட்டு மேல, நடுவுல, அடியிலன்னு பாக்கணும். அப்பறம் சேத்தக் கிண்டுனா அதுல அடஞ்சிருந்தது குபுக்னு வரும், அதனால வேல முடியற வரைக்கும் மீட்டர் எறங்குன ஆளு ஒடம்புலயே மாட்டி ஓடணும், உள்ள நல்ல காத்து அடிக்கிற ப்ளோவரும் ஓடணும். துணி மாஸ்க்கெல்லாம் தூசிக்குத்தான்.

காப்பாத்தப் போறவங்க கதைதான் கொடும. 2015ல கோழிக்கோட்டுல மேன்ஹோல்ல விழுந்த ரெண்டு தொழிலாளிங்களத் தூக்க ஒரு ஆட்டோ டிரைவர் எறங்குனாரு, மூணு பேரும் போயிட்டாங்க. ஏழ நாடுன்னு இல்ல, 2017 ஜனவரில அமெரிக்காவுல கீ லார்கோங்கற ஊர்ல ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா எறங்கி மூணு பேரு செத்தாங்க, வாய் குறுகலா இருக்குன்னு காத்து சிலிண்டரக் கழட்டி வச்சிட்டு எறங்குன தீயணைப்பு வீரரும் உயிருக்குப் போராடுனாரு. இப்படிக் குழியில சாகறவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல காப்பாத்தப் போனவங்கதான்னு அமெரிக்க அரசோட தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 80கள்லயே சொல்லிருச்சு. இடுப்புல கயிறு கட்டுனா போதும்னு நம்மாளுங்க நெனைக்கிறாங்க, மயங்குன ஆள இடுப்புக் கயித்துல தூக்குனா மடங்கி சுவத்துல மாட்டிக்குவான், தோளையும் தொடையையும் சேத்துப் பிடிக்கிற ஹார்னஸும், குழி வாயில மூணு கால் ஸ்டாண்டும் இருந்தா மேலேர்ந்தே கைப்பிடியச் சுத்தித் தூக்கிடலாம்.

மனுஷன வச்சு மலம் அள்ளுறதத் தடுக்கற 2013 சட்டம் இருக்கு, 2023ல சுப்ரீம் கோர்ட் நஷ்டஈட்ட 30 லட்சமாக்குச்சு, சரி. ஆனா அது சாக்கடை, செப்டிக் டேங்க் சாவுக்கு. கேபிள் குழியில எறங்குறவன் அந்தக் கணக்குலயே வர மாட்டான்.

அடுத்த தடவ உங்க நிருபர் போனா மீட்டர் எங்கன்னு கேக்கச் சொல்லுங்க. இருந்துச்சுன்னா, உள்ள அனுப்பறதுக்கு முன்னாடி ரீடிங்க எழுதி யாரு கையெழுத்துப் போட்டாங்கன்னு அந்தப் பேரையும் போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கேபிள் ஜாயின்டர்,
மதுரை.